கொடிக்கு முதுகு

“சேட்டா, பிரார்த்தனையோ தேசிய கீதமோ, எதுவானாலும் உங்க மோள் கொடிக்கு முதுகைக் காட்டி நிக்கறா. கையை வேற ஆட்டறா!”

மட்டாஞ்சேரி அரசுப் பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர் குமுறினார்.

பிழைக்க வந்த ஊரில் இப்படியொரு கெட்ட பெயரா? காய்கறிக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்த நல்லசிவம் கூசிப்போனார்.

“ஏன்டி சங்கரி இப்படிப் பண்ற?”

“எனக்குப் பின்னால நஸ்ரின் நிக்கறாப்பா. அவளுக்குச் செவி கேக்காது. நான் திரும்பி நின்னு கையால பாடினாத்தான் அவளும் பாடுவா.”



மறுநாள் காலை டீச்சர் சங்கரியைக் கொடிக்கம்பத்தின் அடியில், எல்லோரையும் பார்க்க நிறுத்தினார். தேசிய கீதம் தொடங்கியது. நஸ்ரினின் கைகளும் எழுந்தன.

பாடி முடிந்ததும், வாசலில் நின்றிருந்த நல்லசிவம் பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டினார்.

“கொடிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குதே, அது எம் பொண்ணு!”