இறகு விழுந்த பக்கம்

அவள் இறகைப் பிடுங்கினாள்.

பழைய பேட்மிண்டன் ஷட்டில். பதினாறு இறகுகளில் ஏழுதான் மிச்சம் இருந்தன. இப்போது ஆறு.

வலையருகே நின்று கையை உயர்த்தினாள். விடவில்லை.

இதுவரை அவள் கணவர்தான் விடுவார்.

புது ஊர், புது அரங்கம் என்றால் இருவரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவார்கள். வெளிச்சம் அவளுடைய பொறுப்பு. எந்த விளக்கு கண்ணைக் கூசவைக்கும், எந்தச் சுவரின் வெள்ளையில் ஷட்டில் காணாமல் போகும் என்று அவள் பார்த்துச் சொல்வாள். காற்று அவருடையது. ஓர் இறகைத் தலைக்கு மேலே தூக்கி விடுவார். அது தரையைத் தொடும்வரை யாரோடும் பேச மாட்டார்.

ஓர் அரங்கத்துக்கு ஓர் இறகு. இரண்டாவது பிடுங்க மாட்டார்.

போன இறகுகளில் ஒன்று சிவகாசி. புறா எச்சத்தில் வழுக்கும் தரை. ஒன்று விருதுநகர். கல்யாண மண்டபத்தில் கோடு போட்டு ஆடவிட்டார்கள். ஷட்டில் போய்க் காகிதத் தோரணத்தில் மாட்டிக்கொண்டது. ஏணி வரும்வரை இருவரும் மேடையில், மணமக்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

கோவில்பட்டியில் இந்தக் கல்லூரி அரங்கத்துக்கு அவர் வந்ததில்லை.

பெயர் கொடுத்தது மட்டும் அவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர், கலப்பு இரட்டையர். பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு, மேலே உதயகுமார் என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவன். 'ஒரே ஒரு மேட்ச் ஆடுவோம் மதினி' என்று மூன்று முறை வீட்டுக்கு வந்து கேட்டான்.

ஒரு மேட்ச். முடியவில்லை என்றால் பையைப் பரணில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினாள்.

இறகை விட்டாள்.

சுழன்று இறங்கியது. இடுப்பு உயரத்தில் ஒரு கணம் தயங்கியது. பிறகு காற்றை வெளியே இழுக்கும் விசிறிகள் பதித்த சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து, வலையைத் தாண்டிப் போய் விழுந்தது.

காற்று வாசலிலிருந்து விசிறிச் சுவருக்குப் போகிறது.

அப்படியானால் வாசல் பக்கம்தான் கெட்ட பக்கம்.

ஆடாதவர்களுக்கு இது புரிவதில்லை. முதுகில் காற்று இருந்தால் நல்லதுதானே, தள்ளிவிடுமே என்பார்கள். தள்ளும். அதுதான் தொல்லை. தொட்டாலே ஷட்டில் கோட்டைத் தாண்டிவிடும். ஒவ்வொரு அடியிலும் பாதியைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஆட வேண்டும். எதிர்க்காற்றில்தான் முழுதாக அடிக்கலாம்.

டாஸ் ஜெயித்தால் அவர் எப்போதும் கெட்ட பக்கத்தைத்தான் கேட்பார். எதிராளிகள் சிரிப்பார்கள். அவர் கணக்கு வேறு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறும்; கடைசி ஆட்டமான மூன்றாவதில் மட்டும் ஓர் அணிக்குப் பதினொரு புள்ளி வந்ததும் நடுவிலேயே இன்னொரு முறை மாற வேண்டும். கெட்ட பக்கத்தில் தொடங்கியவர்கள் நல்ல பக்கத்தில் முடிப்பார்கள்.

கெட்டதை முதலில் ஆடிவிடுவது. இருபது வருடம்.

வீட்டிலும் அப்படித்தான். கடனை அடைத்த பிறகு ஊட்டி. மாடி கட்டிய பிறகு நாய்க்குட்டி.

ஆஸ்பத்திரியிலும்.

அவர் தலைமாட்டுக்கு மேலே ஏசி. அதன் வாயில் யாரோ ஒரு நூலைக் கட்டியிருந்தார்கள். அது அவர் கால்பக்கமாகப் பறந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் அதையே பார்த்தார். மூன்றாம் நாள் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, அவளை அருகே வரச் சொன்னார்.

"காத்து முதுகுப் பக்கம் இருந்து வருது, பாத்தியா. இது கெட்ட பக்கம்தான். இத மொதல்ல ஆடிருவோம்."

அவள் சிரித்தாள். சரி என்றாள்.

பதினெட்டு நாள் ஆடினார்கள். பக்கம் மாறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

நடுவர் நாணயத்தைச் சுண்டினார். பூ கேட்டிருந்தாள். பூ விழுந்தது.

"சர்வீஸா, பக்கமா?"

"பக்கம்."

உதயகுமார் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தான். அவனுக்குத் தெரியும், எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறான்.

அவள் விசிறிச் சுவரைக் காட்டினாள்.

அவன் நின்றான். காற்று எப்படி என்று அவனும் பார்த்திருக்க வேண்டும். கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"மதினி, அது நல்ல பக்கம்லா. மூணாவது கேம் வந்தா, கடைசில நாமதான் கெடந்து முழிப்போம்."

"வந்தா முழிப்போம்ப்பா."

அவன் பையைத் திருப்பி எடுத்துவந்தான்.

இறகு சர்வீஸ் கோட்டருகே கிடந்தது. குனிந்து எடுத்தாள். வைக்க இடம் தெரியாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு காலுறைக்குள் செருகிக்கொண்டாள்.

எதிரே சர்வீஸ். ஷட்டில் வலைக்கு மேலே உயர்ந்து, அவளை நோக்கி வந்தது. காற்று முகத்தில் பட்டது.

அவள் கையை முழுதாக வீசினாள்.