ஞாபகப் பிழை

"வாரண்டி போன வாரமே முடிஞ்சிடுச்சு சார்."

கவுன்ட்டரில் இருந்த பெண் சொன்னதும் அச்சகத்தில் பிழை திருத்துபவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"அதெப்படிம்மா? வாரண்டி இருக்கிற வரைக்கும் நல்லா ஓடின கேமரா, அது முடிஞ்சதும் படுத்துக்குமா? சொல்லி வச்சு செஞ்சிருக்கீங்களா?"

மேசை மேல் இருந்த கேமரா, நீட்டிய லென்ஸை உள்ளே இழுக்கத் தெரியாமல், அவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லென்ஸ் மோட்டார் போயிருக்கு சார். காசு கொடுத்து மாத்தறதுன்னா, புதுசு வாங்கற விலையில பாதி ஆயிடும்."

"பகல் கொள்ளையால்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை என் பொண்ணு கைக்குழந்தையோட வெளிநாட்டுக்குக் கிளம்பறா. பேத்தியை இனிமே எப்போ பார்க்கப் போறேனோ. நாலு படம் எடுத்து வச்சுக்கலாம்னா, அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டீங்க."

அவள் கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"போன மாசமே ஒரு தடவை இப்படி மாட்டிக்கிச்சு, இல்லையா சார்?"

"இல்லையே. நேத்துதான்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. அப்பவே எங்களுக்குப் போன் பண்ணியிருப்பீங்க."

"எதுக்கும்மா? நல்லா ஓடற கேமராவை வச்சுக்கிட்டு உங்ககிட்ட சௌக்கியம் விசாரிக்கவா?"

"சில பேர் பண்ணிட்டு மறந்துடுவாங்க."

"எனக்கென்ன மூளை கலங்கிடுச்சுங்கறியா? அச்சகத்துல காலங்காலமா பிழை திருத்தறவன் நான். ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட என் கண்ணுக்குத் தப்பாது."

"அதுக்கில்ல சார். பண்ணேன்னு ஒரு வார்த்தை…"

"பண்ணலைன்னா பண்ணலைதான். ஓ, இப்பப் புரியுது. போன மாசமே கெட்டுப்போச்சுன்னு என் வாயாலேயே வரவழைச்சு, அதோட உபயோகிச்சதாலதான் முழுசும் போச்சுன்னு பழியை என் தலையில கட்டப் பார்க்கறே."

"ஐயோ, மெதுவாப் பேசுங்க சார்."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? கூப்பிடு உன் மேனேஜரை."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அது அவருக்கு இன்னும் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு மேனேஜரே கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன சார் பிரச்சினை?"

"பண்ணாத போனைப் பண்ணேன்னு சொல்லச் சொல்லி இந்தம்மா என்னைப் போட்டுப் படுத்தறாங்க. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என்ன ஏதுன்னு நீங்களே கேளுங்க."

மேனேஜர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"மறுபடியுமா? வாரண்டி இருக்கும்போதே புகார் வந்ததாக் கணக்குக் காட்டி இலவசமா ரிப்பேர் பண்ணிக் கொடுக்க, இதென்ன உங்க வீட்டுக் கடையா? இன்னொரு தரம் இப்படி நடந்தா வேலை இருக்காதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

அவள் குனிந்த தலையோடு கேமராவைப் பிழை திருத்துபவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எடுக்க நீட்டிய கை பாதியிலேயே நின்றது.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார்," என்றார் மேனேஜர். "இல்லைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதில்ல சார்…" இத்தனை நேரம் கடையையே அதிரவைத்த குரல் இப்போது எங்கோ போய் ஒளிந்துகொண்டிருந்தது. "இப்பத்தான் ஞாபகம் வருது. போன மாசம் நான் போன் பண்ணேன்."