செருமல்

தொண்டையில் அது ஏறிக்கொண்டே வந்தது.

ஒரு செருமல்தான். வேறொன்றுமில்லை.

அவர் எச்சிலை விழுங்கினார். துண்டின் நுனியை வாயில் வைத்து அழுத்தினார். இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

திரையில் அவருடைய மகள் அடுப்படியில் நின்றிருந்தாள்.

கோவையில் ஒரு ஃபிலிம் சொசைட்டி அரங்கம். முன்வரிசையிலும் பின்வரிசையிலும் சொந்தபந்தம். மேகலா நடிக்கப் போன நாளிலிருந்து அவர் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். ஆனால் படம் டெல்லியில் விருதுக்கான கடைசிச் சுற்றுக்குப் போய்விட்டது, சிறந்த நடிகைக்கான போட்டியில் அவளும் இருக்கிறாள் என்று பேப்பரில் வந்தது. இனி வராமலிருந்தால் அதுவே ஊர்ப்பேச்சாகும். வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்தார்.

வரும்போது ஒரே ஒரு பயம்தான் இருந்தது.

"அந்த மாதிரி ஏதாச்சும் வருதான்னு கேட்டியா?" என்று காரிலேயே மனைவி பூவாத்தாளிடம் விசாரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க. பூராவும் ஒரு வீட்டுக்குள்ளயே நடக்கிற கதையாமா."

வீட்டுக்குள் நடப்பதில் என்ன மானக்கேடு வந்துவிடப் போகிறது?

தொடக்கத்தில் பெருமையாகக்கூட இருந்தது. மகள் நடிப்பதுபோலவே இல்லை. புளி கரைத்தாள். ஈரக்கையால் நெற்றி முடியை ஒதுக்கினாள். பக்கத்து வீட்டுக்காரியைப் போலப் பேசிக்காட்டினாள். அடுப்படியில் பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அரங்கமும் சிரித்தது. அவருக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் திரைக்குள் எங்கோ வாசலில் ஒரு செருமல் கேட்டது.

கதையில் அந்த வீட்டுத் தகப்பன் வருகிறான். அவ்வளவுதான்.

நல்ல கம்பீரமான செருமல். அவருக்குப் பிடித்திருந்தது. பெண்கள் புழங்கும் வீட்டுக்குள் சத்தம் காட்டாமல் நுழையக் கூடாது என்பது அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது. ஆயுசுக்கும் அப்படித்தான் வீடு நுழைகிறார். அது மரியாதை.

திரையில் சிரிப்பு நின்றது.

மேகலாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையிலிருந்த கரண்டி மட்டும் பாத்திரத்தின் விளிம்புக்குச் சற்று முன்னால் நின்றது. தொட்டால் சத்தம் வரும்.

தொடவில்லை.

கால் விரல்கள் மெல்ல உள்ளே மடங்கின.

கேமரா அசையவில்லை. இசை இல்லை. அரங்கத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அந்தத் தகப்பன் திரையில் வரவே இல்லை. அடிக்கவில்லை. திட்டவில்லை. செருமல் மட்டும் வந்தது. கூடத்தில். மாடிப்படியில். கதவுக்கு அந்தப் பக்கம். ஒருமுறை பாதிப் பாட்டு நின்றது. ஒருமுறை பாதிச் சொல்.

"ஐயோ, வந்துட்டான்டி."

பின்வரிசையில் ஒரு பெண், தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.



அந்த நேரத்திலிருந்துதான் அவருக்குத் தொண்டை அரிக்கிறது.

இப்போது, இங்கே, இந்த இருட்டில் ஒரு செருமல் வந்தால்?

மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சொந்தக்காரர்களுக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. இந்தச் சத்தத்தை அவர் வீட்டு வாசலில் வருடக்கணக்காகக் கேட்டவர்கள்.

ஒரு பக்கம் பூவாத்தாள். மறுபக்கம் உட்கார்ந்திருந்த மைத்துனன் நடராசு குனிந்தான்.

"என்னுங் மச்சான், தண்ணி வேணுங்களா?"

தலையை மட்டும் ஆட்டினார். இவன் சிரிக்கிறானா? தெரிந்துதான் கேட்கிறானா?

விழுங்கினார். மறுபடி விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது.

கடைசிக் காட்சியில் அந்தத் தகப்பன் செத்துப்போயிருந்தான். அதையும் காட்டவில்லை. பூட்டிய அறைக்கு வெளியே கிடந்த செருப்பு மட்டும். அடுப்படியில் மேகலா எதற்கோ சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். வாசல் பக்கம் பார்த்தாள்.

காத்திருந்தாள்.

அவளோடு அரங்கமும் காத்திருந்தது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

திரை இருண்டது.

விளக்குகள் எரிந்தன. எல்லோரும் எழுந்து தட்டினார்கள். மேகலாவும் இயக்குநரும் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒரு கல்லூரிப் பெண் மைக்கை வாங்கினாள்.

"அந்தப் பயத்த எங்க மேடம் கத்துக்கிட்டீங்க?"

மேகலாவின் கண்கள் வரிசை வரிசையாக வந்தன. அவரிடம் வந்து நின்றன.

சொல்லிவிடுவாள்.

நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார். இத்தனை பேர் முன்னால், இத்தனை காலம் கட்டிக்காத்த பெயரை ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்துவிடுவாள். அவள் பக்கம் நியாயம் இருப்பதாக இந்த அரங்கம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"டைரக்டர்தானுங்க சொல்லிக் குடுத்தாரு," என்றாள் மேகலா. "எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்லீங்க."

இயக்குநர் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மறுபடி கைதட்டல் எழுந்தது.

பெயர் பிழைத்தது. அவருடைய முதுகு முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தது.

பக்கத்தில் பூவாத்தாள் கைதட்டிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்காமல், வாய்விட்டுச் சிரித்தபடி. இப்படி அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

அந்த அசந்த நேரத்தில் அது வந்துவிட்டது.

சின்னதாகத்தான். இவ்வளவு ஆரவாரத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. நடராசு எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தான். மேடையில் மேகலா யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் திரும்பவில்லை.

அவர் மெல்லப் பக்கத்தில் பார்த்தார்.

பூவாத்தாளின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

இரண்டு உள்ளங்கைகளும், ஒன்றையொன்று தொடுவதற்குச் சற்று முன்னால், நின்றிருந்தன.