கண்ணை எடுக்காமல்

மூன்றாவது தடவையாக வேதாசலம் அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்தார். மூன்றாவது தடவையாகக் கண்ணை மூட மாட்டேன் என்றார்.

ஹில்டாவுக்கு அலுத்துப்போனது. சிட்லபாக்கத்தில் இந்தக் கண் கிளினிக்கில் அவள் ஆறு வருஷமாக டெக்னீஷியன். ஊசிக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், ரத்தத்துக்குப் பயப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். இமையை மூடப் பயப்படுகிற ஐம்பது வயசு ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

மனிதர் சரியாக இமைத்து மூன்று வருஷம் ஆகிறது. இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்து வீங்கி, ஈரம் வற்றிப்போய், கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்தன. வெந்நீர் ஒத்தடம், சொட்டு மருந்து, எதுவும் வேலைக்கு ஆகவில்லை. இன்றைக்கும் பாதியில் எழுந்து ஓடினால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் அமலராணி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. இமைக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்களைப் பொருத்துவார்கள். அவை சூடு கொடுத்து, இமையை மெல்லப் பிசைந்து, அடைப்பை வெளியே தள்ளும். பன்னிரண்டு நிமிடம் எதையும் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

"மூடுனா பாப்பா எழுந்து போயிடும்மா. அப்பறம் அவங்கம்மாவுக்கு இன்னா பதில் சொல்றது? யாராவது பாத்துகினே இருக்கணும்."

அவர் காட்டிய மூலையில், துணைக்கு வருகிறவர்கள் உட்காரும் பச்சை ரெக்சின் நாற்காலி காலியாக இருந்தது.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று ஹில்டா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அலுப்பெல்லாம் போய், மனசு இளகிவிட்டது.

"நான் பாத்துக்கறேன் சார். நீங்க மூடுங்க."

ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற வார்த்தை. சொன்னால் கரண்ட் பில்லா ஏறப்போகிறது?

"கண்ண எடுக்காம?"

"எடுக்காம."

அவர் அவள் முகத்தையும், கோட்டில் குத்தியிருந்த பெயர் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாதுவாகச் சாய்ந்துகொண்டார். ஹில்டா மரத்துப்போகிற சொட்டு மருந்து விட்டு, கிண்ணங்களைப் பொருத்தி, மெஷினைப் போட்டாள்.

ஒரே நிமிடத்தில் குறட்டை வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்? பேச்சுக்கு அந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சூடு எவ்வளவு என்று மெஷின் பக்கம் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் ரெக்சின் புஸ்ஸென்றது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் மெத்தை காற்று வாங்குமே, அந்தச் சத்தம்.

சட்டென்று திரும்பினாள். மெத்தை நடுவில் இருந்த சின்னப் பள்ளம் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அவள் பார்த்ததும் நின்றது. பிறகு மெதுவாக அமுங்கியது.



அதற்குமேல் அவள் வேறெங்கும் பார்க்கவில்லை. ஒரு தடவை தன்னை மீறி இமைத்தாள். பள்ளம் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தது, இறங்கத் தயாராக.

மெஷின் கூவியபோது கைப்பழக்கத்தில் கிண்ணங்களைக் கழற்றினாள். வேதாசலம் எழுந்து உட்கார்ந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவர் இமைத்தார். மறுபடி இமைத்தார். பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டது மாதிரி இமைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு, மூலைப்பக்கம் திரும்பாமல் கதவை நோக்கி நடந்தார்.

"சார்!" அவள் அவசரமாகக் கூப்பிட்டாள். "உங்க பொண்ணு..."

"எனக்குக் கல்யாணமே ஆவலம்மா." அவர் நின்று, நிதானமாகச் சொன்னார். "மூணு வருஷம் முன்னாடி தீபாவளிக் கூட்டத்துல, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்ல ஒரு பொம்பள காலி பெஞ்சக் காட்டி, 'புள்ளய கொஞ்சம் பாத்துக்குங்கண்ணா, இதோ வந்துடறேன்'னுச்சு. அழுத கண்ணு. பாவமா இருந்துச்சு. சரின்னுட்டேன்."

ஹில்டா நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிய ஆரம்பித்திருந்தது.

"அந்தப் பொம்பள வந்துச்சுன்னா உன் பேரச் சொல்லி இங்க அனுப்பறேன்மா," என்றார் வேதாசலம். கதவு சாத்திக்கொண்டது.