பதினோராம் பொருத்தம்

பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார். நாச்சிமுத்து மகனின் ஜாதகத்தோடு லேப் உறையையும் நீட்டினார். பத்துப் பொருத்தமும் கூடியிருந்தது. சாயக்கழிவு ஆண்மையைக் கெடுக்கிறது என்ற பேச்சு ஊரில் பரவியதிலிருந்து, பதினோராவதாகப் பையனின் விந்தணு எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுத்தான் தட்டு மாற்றுகிறார்கள்.

நாச்சிமுத்துவின் வாய் அந்த நேரம் சும்மா இருந்திருக்கலாம்.

"எம்பையன் தவழ்ந்து நடை பழகுனதே நம்ம சாயப்பட்டறையிலதானுங்க. ஆறு வயசுலயே தொட்டியில கைய விட்டுப் பாத்துச் சாயத்தோட பதம் சொல்லிப்போடுவான்!"

உறையைக் கிழிக்கப்போன விரல் நின்றது. பெண்ணின் அப்பா அதைப் பிரிக்காமலேயே மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க."

போன மாதம் தன் மகளைப் பெண் கேட்டு வந்த இன்னொரு சாயப்பட்டறைக்காரருக்கு நாச்சிமுத்து சொன்னதும் அச்சு அசல் இதே வார்த்தைதான்.