அஞ்சு கட்டை

“நான் இல்லாத நேரத்துல நல்லாத்தான் குட்டிச்சுவராக்கி வச்சிருக்கீங்க!”

ஒத்திகை தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ராணியம்மா இடுப்பில் கை வைத்துவிட்டாள்.

அந்த இசை நாடகத்தில் ராணி வேஷம் அவளுக்கு. அதனால் குழுவில் எல்லோருக்கும் ராணியம்மா. அஞ்சு கட்டை சுருதியில் உச்சிக்குப் போய் நின்றாள் என்றால் கடைசி வரிசையில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார். தொண்டையில் ஆபரேஷன் முடிந்து, மாசக்கணக்கில் வீட்டில் கிடந்துவிட்டு இன்றுதான் திரும்பியிருக்கிறாள்.

உள்ளே நுழைந்தபோது இந்த வீராப்பெல்லாம் இல்லை.

போன வாரம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, நாடகத்தில் வரும் ராணி பாட்டை அதே அஞ்சு கட்டையில் பாடிப் பார்த்தாள். உச்சியில் குரல் உடைந்தது. மறுபடி பாடினாள். மறுபடியும் உடைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்து கணவரிடம் கேட்டாள். “நான் பாடினது கேட்டுச்சா?”

“தண்ணி சத்தம்தான் கேட்டுச்சு. ஏன், பாடினியா?” என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சுருதி என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற மனுஷன். அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஒத்திகையிலும் குரல் உடைந்தால், வேஷத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட வேண்டும். அந்த முடிவோடுதான் வந்தாள்.

உடையவில்லை! கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள், குரல் கணீரென்று போய் உச்சியில் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை நாள் பயந்தது எதற்கு என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

பயம் போனதும் வாய் வந்துவிட்டது. டாக்டர் சொல்லி மூடி வைத்திருந்த வாய். பாக்கியை எல்லாம் சேர்த்துத் தீர்த்துக்கொண்டாள்.

“என்னங்க இது, உலக்கை மாதிரி ஒரு குழல்? விரல் இப்படித் தடுமாறுது!”

“புதுசு ராணியம்மா. இன்னும் விரல் எட்டல” என்று நெளிந்தார் குழல்காரர்.

“ராஜா, கீழ போகும்போது உங்க குரல் எங்க போச்சு? கிணத்துல விழுந்துடுச்சா?”

“ரெண்டு நாளா ஜலதோஷம்மா” என்று ராஜா வேஷக்காரர் இருமிக் காட்டினார். அந்த இருமலும் சரியாக வரவில்லை.

கீபோர்டு வாசிக்கிற பெண்ணும் தப்பவில்லை. கீபோர்டின் சின்னத் திரை மேல் ஒரு கர்ச்சீப் கிடந்தது.

“துணி காயப்போட இது என்ன கொடியா?”

“வெளிச்சம் கண்ணு கூசுதுக்கா.”

“படுத்துக் கிடந்தவளே இப்படிப் பாடறேன். உங்களுக்கெல்லாம் என்ன கேடு?”

ஒருவரும் எதிர்ப் பேச்சுப் பேசவில்லை. போதாக்குறைக்கு, டைரக்டர் வேறு திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகை முடிந்து வாசலுக்கு வந்தாள். கணவர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார்.

“எப்படிப் போச்சு?”

“கணீர்னு நின்னுதுங்க! மத்தவங்கதான் படு மோசம். ஒருத்தருக்கும் கொஞ்சங்கூட அக்கறையே இல்ல.”

“அதானே! நாலு கட்டையில உன்னை அடிச்சுக்க ஆள் ஏது?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஹெல்மெட்டை மாட்டப் போன ராணியம்மாவின் கை அப்படியே நின்றது.

“நாலு கட்டையா?”

அவர் அவசரமாக ஸ்கூட்டரை உதைத்தார். நேரம் பார்த்து அதுவும் கிளம்ப மறுத்தது.

சுருதியை ஒரு கட்டை இறக்கிவிட்டால் அவளுக்கு உச்சி எட்டிவிடும். ஆனால் ராஜாவுக்குக் கீழ் ஸ்வரங்கள் பாதாளத்துக்குப் போய்விடும். குழல்காரர் நீளமான குழலைத் தேடிப் பிடிக்க வேண்டும். கீபோர்டின் திரையில் தெரிகிற சுருதி எண்ணை அவள் கண்ணில் படாமல் எதையாவது போட்டு மூட வேண்டும்.

அத்தனை பேரையும் நிற்க வைத்து என்னவெல்லாம் கேட்டுவிட்டாள்! அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

“நீங்கதான் அவங்களுக்குப் போன் பண்ணீங்களா?”

அவர் மறுபடியும் ஸ்கூட்டரை உதைத்தார்.

“அன்னைக்குத் தண்ணி சத்தம்தான் கேட்டுச்சுன்னு சொன்னீங்க?”

“தண்ணி சத்தமும் கேட்டுச்சு” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். “நம்ம பாத்ரூம் கதவு அவ்வளவு ஒண்ணும் கெட்டி இல்லம்மா.”