எந்த இருபத்திரண்டு?

அந்த நகைக்கடையில் காவலாளியை யாரும் காவலாளி என்று கூப்பிடுவதில்லை. 'நம்பர் அண்ணன்' என்றுதான் பெயர். துப்பாக்கி செய்யும் கம்பெனியில், மாடல் நம்பர் கொடுக்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். யார் சிக்கினாலும் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். கம்மல் வாங்க வந்தவர்கள் வாங்காமலே தப்பித்து ஓடிய நாளெல்லாம் உண்டு.

அன்று காலை மேனேஜர் பட்டென்று சொல்லிவிட்டார். "அண்ணே, நாளையிலேருந்து வர வேண்டாம். வாசல்ல கேமரா வைக்கிறோம். அது வாயே திறக்காது."

நம்பர் அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. பாவம், இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

மத்தியானம், கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஹெல்மெட் போட்ட ஒருவன் உள்ளே நுழைந்தான். கையில் துப்பாக்கி. மேனேஜர் பெட்டியில் இருந்த வைர நகைகளை எல்லாம் அவன் நீட்டிய பையில் அள்ளிப் போட்டார்.

நம்பர் அண்ணன் மட்டும் கழுத்தை நீட்டித் துப்பாக்கியை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, அது இருபத்திரண்டாம் நம்பர்தானே? எந்த இருபத்திரண்டு?"

"யோவ், வாயை மூடு!"

"கோவப்படாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன். முதல்ல இருபத்திரண்டுன்னு ஒண்ணு போட்டோம். அருமையான சாமான். அதை நிறுத்தினதும், நம்பர் சும்மாதானே கிடக்குதுன்னு வேற ஒண்ணுக்குக் கொடுத்தோம். அது ஓட்டப்பந்தயம் ஆரம்பிக்கிறப்போ சத்தம் மட்டும் போடுறது. அப்புறம் அதே நம்பரை மூணாவதா ஒண்ணுக்குக் கொடுத்தோம். அதைப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

"ஏன், அதுக்கு என்ன?" ஹெல்மெட்டுக்குள் சுருதி கொஞ்சம் இறங்கியது.

"பின்பக்கமா வெடிக்கும். பிடிச்சிருக்கிறவன் மூக்கு போயிடும். எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டோம். எண்பது துப்பாக்கி மட்டும் திரும்பி வரல."

திருடன் கையை முடிந்தமட்டும் முகத்தை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"இது எதுன்னு எப்படிய்யா தெரியும்?"

"பில் இருக்கா?"

"திருட்டுத் துப்பாக்கிக்கு எவன்யா பில் தருவான்!"

"அதுவும் சரிதான். கைப்பிடிக்கு அடியில பொடி எழுத்தா ஒண்ணு இருக்கும், பாருங்க."

பார்த்தான். ஹெல்மெட் கண்ணாடி வழியாக ஒரு எழவும் தெரியவில்லை. கழற்றினால் முகம் தெரிந்துவிடும்.

"கொடுங்க தம்பி, நான் பார்த்துச் சொல்றேன். எனக்கு இது தண்ணிபட்ட பாடு."

கொடுத்தே விட்டான்! கொடுத்த பிறகுதான் புத்தி வந்தது. "ஐயையோ!" என்று ஹெல்மெட்டில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே பாய்ச்சலில் நகைப் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அண்ணே, தெய்வம்ணே நீங்க! காலையில சொன்னதை மறந்துடுங்க. கேமராவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க. முதலாளிகிட்ட பேசிச் சம்பளத்தையும் ஏத்தச் சொல்றேன்."

நம்பர் அண்ணன் அவசரப்படவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டி, துப்பாக்கியைத் திருப்பி, அந்தப் பொடி எழுத்தை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"முதல் இருபத்திரண்டேதான். தங்கமான சாமான், குறியே தப்பாது."

"அது கிடக்கட்டும். நாளைக்கு வர்றீங்கதானே அண்ணே?"

"நாளைக்கு நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன் சார்," என்று துப்பாக்கியை மேனேஜர் பக்கம் திருப்பினார் நம்பர் அண்ணன், "அந்தப் பையை மெல்ல இப்படி நீட்டுங்க."